கோழிக்கு மருந்து போடுறதுக்கு முன்னாடி கூட்டப் பாருங்க: செள்ளு, உண்ணி, புண்ணு பத்தி கொஞ்சம் விளக்கமா

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர்னு நம்ம பக்கம் எந்த ஊருக்குள்ள போனாலும் பின்கட்டுலயோ கொல்லையிலயோ நாலு நாட்டுக்கோழி மேஞ்சுக்கிட்டுதான் இருக்கும், பெரிய வீட்டுக்காரக சென்னையிலயும் சிங்கப்பூர்லயும் இருந்தாலும் வீட்டப் பாத்துக்கிறவக ரெண்டு சிறுவிடைக் கோழியாவது வச்சிருப்பாக. அதுக்கு கொண்டையில பொருக்கு, முதுகுல தோல் கிழிசல், இறக்கைக்குள்ள என்னமோ ஊர்றதுன்னு ஏதாவது வந்துட்டா எல்லாரும் கேக்குறது "என்ன மருந்து போடலாம்"தான். அதுக்கு முந்தி கேக்க வேண்டிய கேள்வி ஒன்னு இருக்கு. கோழியக் கடிக்கிறது எங்க குடியிருக்கு, கோழி மேலயா கூட்டுலயா? இது தெரியாம எவ்வளவு மருந்து அடிச்சாலும் பாதி வீண்தான், திரும்பத் திரும்ப அடிச்சு கோழிக்கும் முட்டைக்கும் விஷம் ஏறுறதுதான் மிச்சம்.

கோழிப்பேன் ராப்பகலா கோழி மேலயே இருக்கும். முட்டை வைக்கிறது, பொரிக்கிறது, வளர்றது எல்லாமே இறகுக்குள்ளதான், கீழ விழுந்தா ஒரு வாரம் தாங்குறதே கஷ்டம். கால் செதிலுக்குள்ள பூந்துக்கிற கண்ணுக்குத் தெரியாத செள்ளு வகையும் அப்படித்தான், கோழிய விட்டு இறங்காது. ஆனா சிவப்புச் செள்ளுன்னு ஒன்னு இருக்கு, கோழி உண்ணின்னு தட்டையா தோல் மாதிரி ஒன்னு இருக்கு, இது ரெண்டும் பகல்ல கோழி மேல இருக்கவே இருக்காது. மரச்சந்து, சுவத்து வெடிப்பு, கூடையோட பின்னல், பஞ்சாரத்து மூங்கில் இடுக்குன்னு ஒளிஞ்சிருந்துட்டு இருட்டுனதும் வந்து ரத்தம் குடிச்சுட்டு விடியறதுக்குள்ள திரும்பப் போயிரும். பகல்ல கோழியத் தூக்கி இறகப் பிரிச்சுப் பாத்துட்டு "ஒன்னும் இல்லையே, சுத்தமாத்தானே இருக்கு"ன்னு விட்டுர்றது இதனாலதான்.

நம்ம ஊரு வீடுக அதுகளுக்கு ரொம்ப வசதி. சுண்ணாம்புச் சுவரு, பழைய தேக்கு உத்தரம், சட்டம் விட்டுப்போன கதவு, ஓட்டுச் சாய்ப்பு, பூட்டியே கிடக்கிற கட்டு. ஒரு விரல் நகம் போற அளவுக்கு வெடிப்பு இருந்தா அதுக்குள்ள நூத்துக்கணக்குல இருக்கலாம். சிவப்புச் செள்ளு வெக்கை காலத்துல முட்டையிலேர்ந்து வளந்ததா ஆகுறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் போதும், அதனால பங்குனி சித்திரையில திடீர்னு பெருகிப் போன மாதிரி இருக்கும். கொஞ்சம் குளிர்ச்சியான இடமா கிடைச்சா ரத்தமே இல்லாம 8 மாசம் வரைக்கும் கூட உசுரோட கிடக்கும். உண்ணி அதுக்கும் மேல, பெருசானது வருஷக்கணக்குல பட்டினி கிடந்து காத்திருக்கும். கோழியெல்லாம் வித்துட்டு கூட்டச் சும்மா போட்டு வச்சு மறுவருஷம் புதுக்கோழி வாங்கி விட்டா, முத ராத்திரியே கடி ஆரம்பிச்சிருதுன்னா காரணம் இதுதான்.

அடைக்கோழி விஷயத்த தனியாச் சொல்லணும், ஏன்னா இதுல நம்ம ஆளுக பறிகொடுக்கிறது ரொம்ப அதிகம். நல்ல கோழி, நல்லா அடை உக்காந்துச்சு, பத்துப் பதினஞ்சு நாள் கழிச்சு முட்டைய விட்டுட்டு எந்திரிச்சுப் போயிருச்சு, இல்லாட்டி அடையிலயே செத்துக் கிடந்துச்சுன்னு சொல்லுவாக, பாம்பு வந்துருக்கும், சூடு தாங்கல, கண்ணு பட்டிருச்சுன்னு ஆளுக்கொரு காரணமும் சொல்லுவாக. அந்தக் கூடைக்கு அடியில இருக்கிற வைக்கோலத் தூக்கிப் பாத்தா பல நேரம் நெசமான காரணம் அங்கயே இருக்கும், சாம்பல் நிறத்துலயும் சிவப்பாவும் பொடி மாதிரி நகந்துக்கிட்டு இருக்கும். மத்த கோழிக்கு பகல்லயாவது தப்பிக்க வழி இருக்கு, அடைக்கோழி 21 நாள் அங்கயே உக்காந்திருக்கு, கூடையும் இருட்டு, செள்ளுக்கு ராத்திரி வரைக்கும் காத்திருக்க வேண்டிய தேவையே இல்ல. ரத்தம் குறையக் குறைய கொண்டை வெளுக்கும், அந்த வெளுப்புதான் முத அடையாளம். பொரிச்ச குஞ்சு மேலயும் அதே கூட்டம் ஏறும், அதுக்கு இருக்கிற ரத்தமே கொஞ்சம், ரெண்டு ராத்திரி தாங்காது.

அதனால அடை வைக்கிறதுக்கு முந்தியே கூடைய நல்லா வெயில்ல காயவச்சு, பழைய வைக்கோலத் தூக்கி எரிச்சுட்டு, புது மணல் போட்டு, அதுல வேப்பிலைய நொறுக்கிப் போடுறதும் அடுப்புச் சாம்பல் கலக்குறதும் சும்மா பழக்கத்துக்காகச் செஞ்சதில்ல. சாம்பல் பூச்சியோட மேல்தோல்ல இருக்கிற மெழுகு மாதிரியான பூச்ச உரசி எடுத்து ஈரத்த உறிஞ்சிரும், அது காஞ்சு செத்துரும். ஆனா நனைஞ்ச சாம்பல் காரம், தோல அரிக்கும், அதனால காஞ்சதா, நல்லா சலிச்சதா இருக்கணும். பாச்சை உருண்டைய அடைக்கூடையில போடுற பழக்கம் இருக்கு, அத தயவு செஞ்சு விட்ருங்க, மூடின இடத்துல அந்த நெடி கோழிக்கும் குஞ்சுக்கும் ஆகாது.

கூட்டுல இருக்கான்னு கண்டுபிடிக்க ரொம்ப எளிசான வழி, ராத்திரி ஒரு ஒம்போது பத்து மணிக்கு மேல டார்ச் எடுத்துக்கிட்டுப் போயி, கோழி உக்காந்திருக்கிற கம்போட அடிப்பக்கம் ஒரு வெள்ளைத் துணிய அழுத்தி இழுத்துப் பாருங்க. துணியில சிவப்பா கோடு விழுந்தா அது செள்ளு குடிச்ச ரத்தம். அப்படி இருந்தா கோழிய விட கூட்டுக்குத்தான் வைத்தியம் அதிகம் வேணும். எல்லாத்தையும் வெளிய எடுத்து, சந்துசந்தா கொதிக்கிற தண்ணி ஊத்தி, காஞ்சப்புறம் சுண்ணாம்ப கெட்டியா குழைச்சு வெடிப்பெல்லாம் அடைக்கிற மாதிரி அடிக்கணும். நம்ம ஊருல சுண்ணாம்புக்கு என்ன பஞ்சம். நீத்த சுண்ணாம்பு கண்ணுல பட்டா ஆபத்து, முழுசா காஞ்சப்புறம்தான் கோழிய உள்ள விடணும். ஒரு தடவையோட விட்றாதீங்க, ஒரு வாரத்துல முட்டையெல்லாம் பொரிஞ்சு வரும், அதனால அடுத்தடுத்த வாரமும் செய்யணும். இன்னொன்னு, இந்தச் செள்ளு நம்மளையும் கடிக்கும், கோழிக்கூட்டுக்குப் பக்கத்துல கட்டில் போட்டுப் படுக்கிறவக காரணமே தெரியாம சொறிஞ்சுக்கிட்டு இருப்பாக. கோழிப்பேன் அப்படி இல்ல, கையில ஏறி ஊரும், ஆனா மனுசன் மேல குடியிருக்காது.

உண்ணியில ஒரு பெரிய குழப்பம் இருக்கு. இதோட குஞ்சு மட்டும் அஞ்சுலேர்ந்து பத்து நாள் வரைக்கும் கோழி மேலயே ஒட்டிக்கிட்டு இருக்கும், இறக்கைக்கு அடியில, தொடையில கருநீலப் புள்ளி மாதிரி தெரியும். அது ரத்தத்த மட்டும் எடுக்காது, அதோட எச்சில்ல இருக்கிற நஞ்சு கோழிக்கு வாதத்தக் கொண்டுவரும், கால் இழுத்துக்கும், இறக்கை தொங்கும். உண்ணி மூலமா பரவுற ஒரு ரத்தக் காய்ச்சலும் இருக்கு, பொரேலியாங்கிற சுருள் கிருமி, அது வந்தா பச்சையா கழியும், தூங்கி விழும். இத பாத்ததும் நம்ம ஆளுக வெள்ளைக்கழிச்சல்னு முடிவு பண்ணிருவாக. வெள்ளைக்கழிச்சல் வைரஸ், வந்தப்புறம் மருந்து கிடையாது. உண்ணிக் காய்ச்சல் பாக்டீரியா, பென்சிலின் வகை ஊசிக்குக் கேக்கும், நேரத்துல டாக்டர்ட்ட காமிச்சா பொழைக்க வைக்கலாம். ஆக இறக்கையத் தூக்கிப் பாக்குற அந்த ஒரு நிமிஷம் ஒரு கோழியோட உசுரு. அதுக்காக கழிச்சல் தடுப்பூசிய விட்றக் கூடாது, பிப்ரவரி மாசம் கால்நடைத் துறை இலவச முகாம் போடுவாக, கண்டிப்பா போட்டுக்கணும்.

பேனு பாக்குறது எளிசு. கோழியப் பொறுமையா கக்கத்துல வச்சுக்கிட்டு முட்டை வர்ற வாய்க்குக் கீழ இருக்கிற மென்மையான இறக பிரிச்சா வைக்கோல் நிறத்துல ஓடும், இறகோட அடித்தண்டுல வெள்ளையா உப்பு ஒட்டின மாதிரி ஈறு கட்டியிருக்கும். மருந்து பேனக் கொல்லும், ஈற கொல்லாது, அதனால பத்து நாள் கழிச்சு மறுபடி போட்டே ஆகணும். இதத்தான் பலபேரு விட்டுர்றாக, அப்புறம் மருந்து சரியில்லைன்னு கடைக்காரரத் திட்டுவாக. மூக்கு வெட்டின கோழி வாங்கியிருந்தா பேன் கூடுதலா இருக்கும், மேல் அலகு நுனியாலதான் அது தன்னத்தானே கோதிப் பேனெடுக்கும், அந்த நுனியே இல்லைன்னா என்ன செய்யும்? கொண்டையிலயும் கண்ணச் சுத்தியும் கடுகு ஒட்டின மாதிரி அசையாம கூட்டமா இருந்தா அது தெள்ளுப்பூச்சி, வேப்பெண்ணெயோ வாசலினோ தடவி மூச்சடைக்க வச்சு சாமணத்தால எடுக்கலாம், ஆனா அதோட புழு வளர்றது மண்ணுல, நாய் பூனை மேலயும் ஏறும், அதனால கோழி புரள்ற மண்ணையும் மாத்தணும். கால் செதில் தூக்கிப் பொருக்காகியிருந்தா பிச்சு எடுக்கக் கூடாது, ரத்தம் வரும், வெதுவெதுப்பான தண்ணியில ஊற வச்சு பழைய டூத் பிரஷ்ல லேசா தேச்சுட்டு வேப்பெண்ணெய் பூசி வாராவாரம் செஞ்சா மெதுவா இறங்கும்.

மருந்துன்னு வந்தா கொஞ்சம் கறாரா பேசணும். ஒரு காலத்துல கமாக்சின்னு ஒரு பூச்சிமருந்துப் பவுடர அள்ளி கோழி மேல தேச்சுவிட்டாக, அதுல இருக்கிற பி.எச்.சி.ங்கிற ரசாயனத்த 1997லயே இந்தியாவுல தடை பண்ணியாச்சு, கொழுப்புல தங்கி முட்டை வழியா வரும். இப்ப அதுக்குப் பதிலா நாய்க்கு அடிக்கிற ஃபிப்ரோனில் ஸ்ப்ரேய கோழிக்கு அடிக்கிறாக. 2017ல நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கம் இதே சிவப்புச் செள்ளுக்காக ஃபிப்ரோனில் கலந்த மருந்த பண்ணையில அடிச்சு, முட்டையில அது இருக்கிறது தெரிஞ்சு, லட்சக்கணக்குல முட்டைய அழிச்சு, பல நாட்டுக் கடையிலேர்ந்து திரும்ப எடுத்தாக. அவ்வளவு பெரிய பண்ணைக்கே அந்த நிலைமைன்னா, நம்ம வீட்டுப் பிள்ளைக்கு அவிச்சுக் குடுக்கிற முட்டையில ஏன் அத சேக்கணும். பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் வகை மருந்து கோழிக்குப் பயன்படுத்துறாகதான், ஆனா டாக்டர் சொல்ற அளவுல, எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டு செய்யணும். வீட்டுல பூனை இருந்தா பெர்மெத்ரின் பக்கத்துலயே வேண்டாம், பூனைக்கு அது கொடிய நஞ்சு. அடிச்ச ஸ்ப்ரேயர ஊரணியில கழுவாதீங்க, மீனுக்கு அதே கதிதான். சீமெண்ணெய கோழி உடம்புல தடவுறது தோல வேக வச்சுரும், பழைய கம்புல வெடிப்புல ஊத்துறதோட நிக்கட்டும், அதுவும் நெருப்பு இல்லாத இடமா.

மூலிகைய நான் லேசா நினைக்கல. தஞ்சாவூர்ல கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தோட மையத்துல இருந்து பேராசிரியர் புண்ணியமூர்த்தி இந்த மரபு வைத்தியத்த அளவோட எழுதி வச்சு ஊரு ஊராக் கொண்டுபோனாரு. உண்ணிக்கு அவுக சொல்ற முறை, பூண்டு 10 பல், வசம்பு 10 கிராம், மஞ்சத்தூள் 20 கிராம், வேப்பிலை, வேப்பம்பழம், துளசி, உண்ணிச்செடி இலை ஒவ்வொரு கைப்பிடி, அரைச்சு 1 லிட்டர் தண்ணியில கலந்து வடிகட்டித் தெளிக்கிறது. இது மாட்டுக்குச் சொன்ன அளவு, கூட்டுச் சந்துலயும் கம்புலயும் தாராளமா அடிக்கலாம், கோழி மேல தெளிச்சா கண்ணு மூக்குல படாம, காலை வெயில்ல காயற மாதிரி தெளிக்கணும். கூட்டம் கூட்டமா செள்ளு ஏறி கொண்டை வெளுத்துப்போன கோழிக்கு இது மட்டும் போதும்னு உக்காந்திருக்காதீங்க, அந்த நிலைமையில நேரம் முக்கியம்.

இப்ப புண்ணுக்கு வருவோம், அது தனி விஷயம் இல்ல. செள்ளு கடிச்சா கோழி தன்னையே கொத்திக்கும், சின்னதா ரத்தம் கசியும், கோழிக்கு சிவப்பக் கண்டா கொத்தாம இருக்க முடியாது, மத்ததெல்லாம் சேந்து அதே எடத்துலயே கொத்தும், ஒரே நாள்ல நகக்கண் அளவு இருந்தது உள்ளங்கை அளவு ஆயிரும். சேவல் மிதிச்சு முதுகு கிழியறது, கீரி பூனை நாய் கவ்வுனது, முள்வேலி கிழிச்சதுன்னு எப்படி வந்தாலும் முத வேலை அந்தக் கோழியத் தனியாப் பிரிக்கிறது. தூக்கும்போது நெஞ்ச அமுக்கிப் பிடிக்காதீங்க, நமக்கு இருக்கிற மாதிரி உதரவிதானம் அதுக்குக் கிடையாது, நெஞ்செலும்பு ஏறி இறங்குனாத்தான் மூச்சு. தலைமேல துணி போட்டா அடங்கிரும்.

கொதிச்சு ஆறுன தண்ணி அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைச்சலா உப்பு, ஊசியில்லாத சிரிஞ்சுல பீச்சிப் பீச்சி அழுக்கு, மண்ணு, இறகு எல்லாம் போற வரைக்கும் கழுவுங்க, புண்ண சுத்தி இருக்கிற இறக கத்தரிச்சு விடுங்க. அப்புறம் போவிடோன் அயோடின வெளிறின டீ நிறத்துக்குக் கலந்து தொட்டு வைங்க. நுரைக்கிற ஹைட்ரஜன் பெராக்சைடு தினமும் ஊத்துனா புதுசா வர்ற சதையவும் சேத்து அழிச்சிரும். மஞ்சளப் பத்தி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், புண்ணாத்துறதுக்கு மஞ்சள்னு அமெரிக்காவுல 1995ல பேட்டன்டே குடுத்து, நம்ம நாட்டு அறிவியல் ஆராய்ச்சி மன்றம் சி.எஸ்.ஐ.ஆர் அத எதிர்த்து முறையிட்டு 1997ல ரத்து பண்ண வச்ச கதை தெரிஞ்சதுதான். ஆனா ஆழமான புண்ணுல கழுவாம மஞ்சத்தூள அப்புனா மேல கட்டியா மூடிக்கும், உள்ள அழுக்கு அப்படியே இருக்கும். கோழிக்கு சீழ் நமக்கு மாதிரி வழிஞ்சு வெளிய வராது, அதோட வெள்ளணுவுல சீழ இளக வைக்கிற நொதி இல்ல, அதனால பாலாடைக்கட்டி மாதிரி கெட்டியா உள்ளயே உறைஞ்சிரும். மேல ஆறுன மாதிரி இருந்து அமுக்குனா கல்லு மாதிரி இருந்துச்சுன்னா டாக்டர் கீறித்தான் எடுக்கணும். முதுகுல பல்லு ஆழமா இறங்கி தோலுக்கடியில காத்து உப்புனாப்புல இருந்தா காத்துப்பை கிழிஞ்சிருக்கலாம், அதுல தண்ணி பீச்சவே கூடாது. பூனை கடிச்சது வெளிய சின்னப் புள்ளியாத்தான் தெரியும், அதோட வாயில இருக்கிற கிருமி ரெண்டு நாள்ல கோழியையே சாச்சிரும், அதுக்கு ஊசி கட்டாயம்.

ஈ தான் பெரிய எதிரி. முட்டை வச்ச ஒரு நாளுக்குள்ள புழு வந்துரும், புண்ணு நாறுச்சுன்னா, கோழி பின்பக்கம் நனைஞ்ச மாதிரி இருந்துச்சுன்னா உடனே தூக்கிப் பாக்கணும். கற்பூரத்த தேங்காயெண்ணெயில கரைச்சு புண்ணுக்குள்ள விட்டா புழு மூச்சு முட்டி வெளிய தலை நீட்டும், சாமணத்தால ஒவ்வொன்னா எடுக்கணும், சீத்தாப்பழ இலைய அரைச்சு வைக்கிறதும் இதுக்குத்தான். மறுநாள் திரும்பப் பாருங்க, விட்டுப்போன முட்டை பொரிஞ்சிருக்கும். புழு ஒழிஞ்சப்புறம் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி, பூண்டு, மஞ்சள் போட்டுக் காய்ச்சுன எண்ணெய ஆறவச்சுப் பூசலாம். மாட்டுக்கு அடிக்கிற டர்பன்டைன கோழிக்கு ஊத்தாதீங்க. புண்ணு ஆறுற வரைக்கும் பஞ்சாரத்து மேல பழைய கொசுவலையப் போத்தி விட்டா ஈயும் வராது, கொசுவும் வராது.

கொசுவச் சொல்றது எதுக்குன்னா, ஐப்பசி கார்த்திகை மழைக்கப்புறம் கொண்டையில கண்ணோரத்துல கரு மருவா வர்றது புண்ணு இல்ல, அம்மை, கொசு வழியா பரவுற வைரஸ். அந்தப் பொருக்க பிச்சு எடுத்து மருந்து வைக்கிறேன்னு கிளம்புனா பொருக்குல இருக்கிற வைரஸ் மத்ததுக்கும் போகும். வேப்பிலை மஞ்சள் தடவி, கண்ணு மூடிப்போனா கையால தண்ணியும் கூழும் குடுத்துக் காப்பாத்துனா பெரும்பாலும் தேறிரும், அடுத்த தலைமுறைக் குஞ்சுக்கு தடுப்பூசி போடலாம்.

வலிக்கு மனுச மாத்திரை எதையும் உடைச்சுக் குடுக்காதீங்க. டைக்ளோஃபினாக்ங்கிற வலிமருந்து கொடுத்து செத்த மாட்டத் தின்ன பிணந்தின்னிக் கழுகெல்லாம் சிறுநீரகம் போயி செத்துத்தான் 2006ல கால்நடைக்கு அத தடை பண்ணுனாக. ஆன்டிபயாட்டிக்கும் மெடிக்கல்ல கேட்டு வாங்குறது இல்ல, பக்கத்து கால்நடை மருந்தகத்துல காமிச்சு வாங்குறது, குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துல கேக்கலாம், 1962ங்கிற கால்நடை உதவி நம்பருக்கு போன் அடிச்சுக் கேக்கலாம். கோழிதானேன்னு சங்கடப்பட வேண்டாம்.

ஆறுன கோழிய பகல்ல நேரா கூட்டத்துல விட்டா மத்ததெல்லாம் புதுசா வந்த மாதிரி கொத்தும், சிவப்புத் தோல் தெரிஞ்சா இன்னும் மோசம், அதனால புது இறகு முளைச்சு தோல மூடுற வரைக்கும் பொறுத்து, கடைசி ரெண்டு நாள் பஞ்சாரத்த மத்த கோழிக பாக்குற மாதிரி நடுவுல வச்சுட்டு, ராத்திரி அடைஞ்சப்புறம் மெதுவா பக்கத்துல உக்கார வைக்கணும். உக்கார வைக்கிறதுக்கு முன்னாடி அந்தக் கம்புக்கடியில வெள்ளைத் துணிய ஒருதரம் இழுத்துருங்க.